'இல்லை' என்ற பதிலுக்குக் காத்திருக்கும் கணினி

இரவு முழுக்க மின்சாரம் இல்லை. காலையில் வந்ததும் கல்லூரிக் கணினிக்கூடத்தில் உள்ள நாற்பது லினக்ஸ் கணினிகளையும் ஒருசேர ஆன் செய்கிறார்கள். திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடி, ஓரிடத்தில் நின்றுவிடுகின்றன. ஐந்து நிமிடம் ஆகிறது, பத்து நிமிடம் ஆகிறது, அசைவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டாலும் அதே இடத்தில் நிற்கின்றன. நாற்பது ஹார்ட் டிஸ்க்குகள் ஒரே நாளில் கெட்டிருக்க முடியாது. யாரும் புதிதாக எதையும் நிறுவவும் இல்லை. பல்லாண்டுகளாக உலகம் முழுவதும் கணினி நிர்வாகிகளை அலையவைத்த கோளாறு இது.

இப்படி நிற்கும் கணினியின் கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். விளக்கு எரியும், மறுபடி தட்டினால் அணையும். அப்படியானால் இயங்குதளத்தின் மையமான கர்னல் உயிரோடுதான் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் விளக்கு மின்னவில்லை, விசிறி இரையவில்லை. செயலிக்கு வேலையே இல்லை. இந்தக் கணினி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. அந்தக் கேள்வி பெரும்பாலும் இவ்வளவுதான்: "இந்தப் பெயரில் யாராவது இருக்கிறார்களா?"

இதைப் புரிந்துகொள்ள, லினக்ஸில் பெயர்கள் எங்கே வாழ்கின்றன என்று பார்க்க வேண்டும். கர்னலுக்குப் பெயர் என்று ஒன்றே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்கள். ரூட் என்று நாம் சொல்பவர் அதற்கு வெறும் 0. ஒரு கோப்பின் உரிமையாளர் 1000 என்றுதான் டிஸ்க்கில் எழுதியிருக்கும். கோப்புகளைப் பட்டியலிடும்போது பெயர் தெரிகிறதே என்றால், அந்தப் பட்டியலைக் காட்டும் நிரல் ஒவ்வொரு எண்ணுக்கும் பெயரைத் தேடிப் பிடித்து ஒட்டிக் காட்டுகிறது. தேடல் தோற்றால் எண்ணை அப்படியே காட்டிவிடும். பாஷ் ஷெல் இன்னும் ஒரு படி மேலே போய், பயனரின் பெயர் கிடைக்காதபோது பெயர் வர வேண்டிய இடத்தில் 'ஐ ஹேவ் நோ நேம்!' என்று எழுதிவைக்கும். எனக்குப் பெயரில்லை என்று ஒரு கணினி சொல்வதை முதல்முறை பார்ப்பவர்கள் திடுக்கிடுவார்கள். கர்னலைப் பொறுத்தவரை அதில் எந்தக் கோளாறும் இல்லை. எண் இருக்கிறது, அது போதும்.

பழைய யூனிக்ஸில் எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள உறவை எழுதிவைக்க 'ஈடிசி' அடைவில் 'பாஸ்வேர்டு', 'குரூப்' என்ற இரண்டு உரைக்கோப்புகள் போதுமாக இருந்தன. ஒரு கணினி, பத்துப் பயனர்கள் என்று இருந்த காலம். கணினிகள் பெருகியபோது ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி மாளவில்லை. 1980களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ், பெயர்ப் பட்டியலை ஒரே சர்வரிலிருந்து எல்லாக் கணினிகளுக்கும் தரும் 'யெல்லோ பேஜஸ்' என்ற சேவையைக் கொண்டுவந்தது. அந்தப் பெயருக்கு பிரிட்டிஷ் டெலிகாம் உரிமை வைத்திருந்ததால் பிறகு என்ஐஎஸ் என்று மாறியது. 1993இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிம் ஹவ்ஸும் கூட்டாளிகளும், டைரக்டரி எனும் மையப் பட்டியலில் தேட உதவும் எல்டாப் நெறிமுறையின் முதல் வரையறையை வெளியிட்டார்கள். யூனிக்ஸ் பயனர்களையும் குழுக்களையும் எல்டாப் டைரக்டரியில் எப்படி எழுதிவைப்பது என்பதை லூக் ஹோவர்ட் 1998இல் ஆர்எஃப்சி 2307 என்ற ஆவணமாக எழுதினார். ஒரே சர்வரில் ஒருமுறை பெயரைச் சேர்த்தால் போதும், எந்தக் கணினியிலும் உட்கார்ந்து உள்ளே நுழையலாம். கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் இது பெரிய வரம்.

கோப்பிலும் தேடு, எல்டாப்பிலும் தேடு என்று கணினிக்குச் சொல்ல வேண்டுமே. அதற்கென்று சோலாரிஸ் வழியாக வந்த ஏற்பாடுதான் 'என்எஸ்எஸ்விட்ச்' என்ற சிறிய அமைப்புக்கோப்பு. அதில் 'குரூப்: ஃபைல்ஸ் எல்டாப்' என்று ஒரு வரி எழுதினால், முதலில் உள்ளூர்க் கோப்பைப் பார், அங்கே இல்லாவிட்டால் எல்டாப் சர்வரைக் கேள் என்று பொருள். இரண்டே சொற்கள். நாற்பது கணினிகளையும் நிறுத்திவைக்கும் வலிமை இந்த வரிக்கு இருக்கிறது.

காரணம், இந்தத் தேடல் நடக்கும் இடம். ஹோவர்டின் நிறுவனமான பேடில் வெளியிட்ட 'என்எஸ்எஸ்-எல்டாப்' ஒரு நூலகம். பெயர் தேடும் ஒவ்வொரு நிரலுக்குள்ளும் அது தானாகவே ஏறிக்கொள்ளும். பெயரைக் கேட்கும் நிரலுக்குத் தான் எல்டாப்புடன் பேசப்போவது தெரியாது. "இந்தக் குழுவின் எண் என்ன?" என்று அது சி நூலகத்தில் ஒரு செயற்கூற்றை அழைக்கிறது. அந்த அழைப்புக்குள்ளேயே சர்வருக்கு நெட்வொர்க் இணைப்பு திறக்கப்படுகிறது. கோப்புகளைப் பட்டியலிடும் எளிய கட்டளைகூட அந்தக் கணத்தில் ஒரு எல்டாப் கிளையன்ட் ஆகிவிடுகிறது. இந்த வடிவமைப்பின் அழகு அதுதான். ஒரு வரியைக்கூட மாற்றாமல், பழைய நிரல்கள் அத்தனையும் புதிய டைரக்டரியைப் பயன்படுத்தத் தொடங்கின. ஆபத்தும் அதே இடத்தில் இருந்தது.

பூட் ஆகும்போது மிக முன்னதாக எழும் நிரல்களில் ஒன்று யூடெவ். வன்பொருள்களுக்கான சாதனக் கோப்புகளை நிர்வகித்து, எந்தச் சாதனம் யாருக்குச் சொந்தம் என்று தீர்மானிப்பது அதன் வேலை. அதற்கென்று விதிக்கோப்புகள் உண்டு. கணினியில் டிபிஎம் எனும் பாதுகாப்புச் சில்லு இருந்தால் அதன் உரிமையாளர் 'டிஎஸ்எஸ்', குழு 'டிஎஸ்எஸ்' என்று ஒரு விதி சொல்லும். யூடெவ் எழுந்ததும் விதிகளைப் படித்து, அதிலுள்ள பெயர்களை எண்களாக மாற்ற முயலும். அந்தக் கணினியில் டிபிஎம் மென்பொருளே நிறுவப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர்க் கோப்பில் டிஎஸ்எஸ் என்ற பெயர் இருக்காது. அமைப்புக்கோப்பு சொன்னபடி அடுத்து எல்டாப்பைக் கேட்க வேண்டும். நெட்வொர்க் அட்டையே இன்னும் எழுப்பப்படவில்லை. அதை எழுப்புவதில் யூடெவுக்கும் பங்கு இருக்கிறது. பீரோ சாவியை பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை.

இணைப்பு தோற்றால் என்ன செய்வது என்பதற்கு என்எஸ்எஸ்-எல்டாப்பில் 'பைண்ட் பாலிசி' என்று ஓர் அமைப்பு உண்டு. எதையும் மாற்றாவிட்டால் அது 'ஹார்டு', அதாவது விடாமல் முயல். முதலில் 4 விநாடி தூங்கி எழுந்து முயலும். பிறகு 8, 16, 32, 64. மொத்தம் 124 விநாடி. 'எல்டாப் சர்வருடன் மீண்டும் இணைகிறேன், 64 விநாடி தூங்குகிறேன்' என்ற பொருளில் திரையில் வரும் செய்தியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இது ஒரு பெயருக்கான கணக்கு. விதிகளில் உள்ளூரில் இல்லாத ஆறு பெயர்கள் இருந்தால் 744 விநாடி, அதாவது 12 நிமிடம் 24 விநாடி. இதுபோன்ற கணினிகளில் பல, பவர் பட்டனைத் தொடாமல் விட்டிருந்தால் தாமாகவே எழுந்திருக்கும். பத்தாவது நிமிடத்தில் அணைத்தவர் கணக்கை முதலிலிருந்து தொடங்கிவைக்கிறார்.

இந்தத் தூக்கத்தை முட்டாள்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு சர்வர் விழுந்து எழும்போது நாற்பது கணினிகளும் நொடிக்கு நூறுமுறை கதவைத் தட்டினால் அது எழவே எழாது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் காத்திருப்பை இரட்டிப்பாக்குவது நெட்வொர்க் உலகின் நல்ல பழக்கங்களில் ஒன்று. நடுப்பகலில் சர்வர் ஒரு நிமிடம் தடுமாறினால் யாருக்கும் தெரியாமல் காப்பாற்றுவது இதுதான். பூட் ஆகும் முதல் சில நொடிகளில் மட்டும் இந்த நல்ல குணம் விஷமாகிறது.

உள்ளூர்க் கோப்பை முதலில் பார் என்றுதானே எழுதினோம், அது ஏன் நம்மைக் காக்கவில்லை? இந்த விஷயத்தின் ஆழமே இங்கேதான் இருக்கிறது. 'இருக்கிறது' என்று சொல்ல ஓரிடத்தில் கண்டால் போதும். 'இல்லை' என்று சொல்ல எல்லா இடத்திலும் தேடியாக வேண்டும். ரூட் உள்ளூர்க் கோப்பில் இருக்கிறது, ஆகவே பதில் நொடியில் வந்துவிடும். டிஎஸ்எஸ் எங்குமே இல்லை, ஆகவே அதைத் தேடித்தான் கணினி கடைசிவரை அலைகிறது. இல்லாத ஒன்றைத் தேடுவதற்குத்தான் அதிகச் செலவு.

இதைவிட நுட்பமான இன்னொரு வலையும் உண்டு. ஒரு சேவை தனக்குரிய பயனராக மாறி ஓடத் தொடங்கும்போது, அந்தப் பயனர் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்ற முழுப்பட்டியலைக் கேட்கும். ஒருவர் உள்ளூர்க் கோப்பில் இருந்தாலும், எல்டாப்பில் உள்ள ஏதோ ஒரு குழுவும் அவரைத் தன் உறுப்பினராகக் குறித்திருக்கலாம் அல்லவா? ஆகவே இந்தக் கேள்வி முதல் பதிலோடு நிற்பதில்லை, எல்லா இடங்களையும் சுற்றிவந்துதான் முடியும். உள்ளூரில் ஒழுங்காக எழுதப்பட்ட பயனரும் இதில் மாட்டிக்கொள்வார். ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 5 காலத்தில் பூட் ஆகும் கணினி 'சிஸ்டம் மெசேஜ் பஸ்' என்ற வரியில் நின்றுவிடும் புகார் பரவலாக இருந்ததற்கு இதுவே காரணம். நிரல்களுக்கிடையே செய்தி கடத்தும் அந்தச் சேவையின் பெயர் டி-பஸ். அது எழத் தன் குழுப்பட்டியல் வேண்டும். பட்டியலுக்கு எல்டாப் வேண்டும், எல்டாப்புக்கு நெட்வொர்க் வேண்டும். நெட்வொர்க் மேனேஜர் என்ற நிரல் நெட்வொர்க்கை நிர்வகிக்கும் கணினியில், அந்த நிரல் எழ டி-பஸ் வேண்டும்.

எல்டாப் சர்வரே தன்னைத்தான் பெயர் தேடும் இடமாக வைத்துக்கொண்டிருந்தால் வட்டம் இன்னும் சிறியது. சர்வர் நிரல் எழும்போது தன் பயனரின் குழுக்களைக் கேட்கும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது இன்னும் எழாத அதே நிரல். அதனால்தான் 'இன்னின்ன பயனர்களுக்கு எல்டாப்பில் குழு தேடாதே' என்று சொல்லும் ஒரு வரி என்எஸ்எஸ்-எல்டாப்பின் அமைப்புக்கோப்பில் சேர்ந்தது. ரெட் ஹேட் தன் வெளியீட்டில் அந்த வரியில் ரூட், எல்டாப், டி-பஸ் என்று நீளமான பட்டியலையே எழுதித் தந்தது. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் எங்கோ நின்றுபோன ஒரு கணினி இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி மீட்பு. கணினி எழும்போது முதலில் வரும் கிரப் என்ற பூட் மெனுவில் ஆங்கில 'ஈ' எழுத்தைத் தட்டினால் பூட் வரியைத் திருத்தலாம். முதலில் அதிலிருந்து 'கொயட்', 'ஸ்பிளாஷ்' என்ற இரண்டு சொற்களையும் நீக்குங்கள். அழகான படத்தின் பின்னால் ஒளிந்திருந்த செய்திகள் வெளியே வரும். பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும். எல்டாப் என்ற சொல் திரையில் வந்தால், அடுத்த முறை அதே வரியின் கடைசியில் 'இனிட்=/பின்/பாஷ்' என்று சேருங்கள். வழக்கமான சேவைகள் எதையும் எழுப்பாமல் கர்னல் நேராக ஒரு ஷெல்லைக் கொடுக்கும். ரூட் பகிர்வு அப்போது படிக்க மட்டும் திறந்திருக்கும். அதை எழுதத் திறந்துகொண்டு, என்எஸ்எஸ்விட்ச் கோப்பில் பாஸ்வேர்டு, ஷேடோ, குரூப் ஆகிய மூன்று வரிகளிலும் எல்டாப் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். 'சிங்க்' கட்டளை கொடுத்து, எழுதியது டிஸ்க்கில் பதிந்ததை உறுதிசெய்துகொண்டு ரீபூட் செய்தால் கணினி எழும்.

எழுந்துவிட்டது என்பதோடு விட்டால் மாணவர்கள் யாரும் உள்ளே நுழைய முடியாது. எல்டாப் திரும்ப வேண்டும், கணினி நிற்கவும் கூடாது. யூடெவ் விதிகளில் உள்ள உரிமையாளர், குழுப் பெயர்களையெல்லாம் தேடி எடுத்து, உள்ளூர்க் கோப்புகளில் இல்லாதவற்றைச் சேர்ப்பதுதான் நேர்மையான சிகிச்சை. பலர் குறுக்குவழியாக பைண்ட் பாலிசியை 'சாஃப்ட்' என்று மாற்றினார்கள். ஒருமுறை தோற்றால் விட்டுவிடு என்று அதற்குப் பொருள். பூட் சட்டென்று நடந்தது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது.

பெயர்த் தேடலுக்கு நான்கு விதமான முடிவுகள் உண்டு: கிடைத்தது, இல்லை, கேட்கவே முடியவில்லை, பிறகு கேள். இரண்டாவதும் மூன்றாவதும் வெவ்வேறு என்பது நமக்குத் தெரியும். கேட்கும் நிரல்களில் பல அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. தேடல் வெறுங்கையோடு திரும்பினால் ஆளே இல்லை என்று முடிவுகட்டிவிடும். சாஃப்ட் அமைப்பில் ஓடும் அஞ்சல் சர்வர், எல்டாப் சில நொடிகள் தடுமாறும் நேரத்தில் வரும் கடிதத்தை 'அப்படியொரு பயனர் இல்லை' என்று நிரந்தரமாகத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். பத்து நிமிடம் காத்திருக்கும் கணினியைவிட, தெரியாததை இல்லை என்று அடித்துச் சொல்லும் கணினி அதிக ஆபத்தானது என்பது என் கருத்து. முன்னதை எல்லாரும் பார்க்கிறார்கள். பின்னது கண்ணில் படுவதே இல்லை.

நிலையான தீர்வு வடிவமைப்பை மாற்றியபோதுதான் வந்தது. எல்லா நிரலுக்குள்ளும் எல்டாப் கிளையன்டை ஏற்றுவதை விட்டுவிட்டு, தனியாக ஒரு பின்னணிச் சேவையை வைத்து அது மட்டும் சர்வருடன் பேசட்டும் என்று முடிவுசெய்தார்கள். ஆர்தர் டி யோங் எழுதிய என்எஸ்எல்சிடி அப்படிப்பட்டது. யூடெவ் ஒரு பெயரைக் கேட்கும்போது அந்தச் சேவை இன்னும் எழவில்லையா? கேட்கவே முடியவில்லை என்ற பதில் அந்தக் கணமே கிடைத்துவிடும், தூக்கம் இல்லை. ரெட் ஹேட்டிலிருந்து வந்த எஸ்எஸ்எஸ்டி இன்னும் ஒரு படி சென்றது. ஒருமுறை அறிந்த பெயரை டிஸ்க்கிலேயே சேமித்துவைத்து, சர்வர் இல்லாத நேரத்திலும் பதில் சொல்லும். ரூட்டைப் பற்றி நெட்வொர்க்கில் கேட்பதே இல்லை, அந்தப் பெயரை இயல்பாகவே ஒதுக்கிவைத்திருக்கிறது. 2010இல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 6 பழைய என்எஸ்எஸ்-எல்டாப்பைக் கைவிட்டு இந்த இரண்டையும் ஏற்றுக்கொண்டது.

அதோடு கதை முடிந்துவிடவில்லை. லினக்ஸில் சேவைகளை எழுப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்-டியின், 2017இல் வந்த 235ஆம் பதிப்பில், உள்நுழைவைக் கவனிக்கும் 'லாகின்-டி' சேவைக்குப் பாதுகாப்பு கருதி நெட்வொர்க் தொடர்பையே அடைத்துவிட்டார்கள். அது நெட்வொர்க்கில் பேச வேண்டிய சேவை இல்லையே என்பது அவர்கள் நியாயம். ஆனால் பழைய என்ஐஎஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்த இடங்களில் லாகின்-டிக்குள் என்ஐஎஸ் நூலகம் ஏறி உட்கார்ந்து நெட்வொர்க்கைத் தேடியது. உள்நுழைவுகள் தாமதமாகின, சில தோற்றன. இடையில் ஒரு பின்னணிச் சேவையை வைத்ததும் சரியானது. என்எஸ்எஸ்-எல்டாப் கற்றுக்கொடுத்த அதே பாடம்.

இந்தக் கோளாறு இவ்வளவு பேரை ஏமாற்றியதற்குக் காரணம், தவறு நடக்கும் நாளும் அது வெளிப்படும் நாளும் வேறு வேறாக இருப்பதுதான். எல்டாப்பை அமைப்பவர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் அமைக்கிறார். நெட்வொர்க் இருக்கிறது, சர்வர் விழித்திருக்கிறது, சோதித்தால் எல்லாப் பெயரும் வருகிறது. மாதக்கணக்கில் யாரும் ரீபூட் செய்வதில்லை. பிறகு ஒருநாள் மின்சாரம் போய் வருகிறது, எல்லாம் ஒரே நேரத்தில் எழுகின்றன. சர்வர் தன் டிஸ்க்கைச் சரிபார்த்துக்கொண்டு தாமதமாக எழுகிறது. அன்றைக்குத் திரைமுன் நிற்பவருக்கு, முன்பு எப்போதோ எழுதப்பட்ட இரண்டு சொற்கள் நினைவுக்கு வர வழியே இல்லை. சர்வரின் முகவரியை எண்ணாக எழுதாமல் பெயராக எழுதியிருந்தால் டிஎன்எஸ் தேடலின் காத்திருப்பும் இதோடு சேரும். கேபிள் கழன்றிருந்தால் ஒவ்வொரு முயற்சியிலும் பிழை உடனே வரும். ஃபயர்வால் சத்தமில்லாமல் பாக்கெட்டை விழுங்கினால் ஒவ்வொரு முயற்சியும் காலக்கெடு தீரும்வரை இழுக்கும்.

ஒரு கணினி தன் காலில் எழுந்து நிற்கத் தேவையான ஒவ்வொரு பெயரும் அதன் டிஸ்க்கிலேயே இருக்க வேண்டும். சேவைகளின் பயனர்கள், சாதனங்களின் குழுக்கள், ரூட், அவசரத்துக்கு உள்ளே நுழைய ஓர் உள்ளூர் நிர்வாகி என இவை யாவும் ஈடிசி கோப்புகளில். மாணவர்களும் ஊழியர்களும் மட்டும் டைரக்டரியில். சிஸ்டம்-டியின் ஆவணங்களும் இதையே சொல்கின்றன: அமைப்புப் பயனர்களின் பெயர்கள் நெட்வொர்க் இல்லாமலே கிடைக்க வேண்டும். நீங்கள் ஒரு கூடத்திலோ அலுவலகத்திலோ எல்டாப் அமைப்பவராக இருந்தால், எல்லாம் ஓடுகிறது என்று கிளம்பும் முன் ஒரு கணினியின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு ரீபூட் செய்து பாருங்கள். உள்நுழைவுத் திரை வந்து, உள்ளூர் நிர்வாகியாக நுழைய முடிந்தால் கேபிளைச் செருகிவிட்டுக் கிளம்பலாம்.